டயர் சொல்லும் சாட்சியம்



சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு. மணி பத்தைத் தாண்டியிருக்கும். மலையோரத்துக் கிளைப்பங்கில் முதிய தாய் ஒருவர் இறுதி நிலையில் இருக்கிறார் என்று செய்தி வந்தது. நற்கருணையையும் நோயில்பூசுதலுக்குரிய எண்ணெயையும் எடுத்துக்கொண்டு, உபதேசியாரை அருகில் அமர்த்தி, பங்கின் பழைய அம்பாசடர் காரை நானே ஓட்டிச் சென்றேன். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து இறங்கும் சாலை அது. ஒரு வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். கார் திரும்பவில்லை. நனைந்த தரையில் வழுக்கிக்கொண்டே சென்று, மண் மேட்டில் முட்டி நின்றது. நாங்கள் இருவரும் காயமின்றித் தப்பினோம். மீதி ஒரு கிலோமீட்டரை மழையில் நடந்தே கடந்தோம். அந்தத் தாய் அருட்சாதனத்தைப் பெற்றுக்கொண்டார். விடியுமுன் இறைவனடி சேர்ந்தார். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் என்னை இன்றும் விட்டபாடில்லை.

மறுநாள் பகல் வெளிச்சத்தில் காரைப் பார்த்தேன். முன் சக்கரங்கள் இரண்டிலும் டயரின் வெளி ஓரம் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. உள் ஓரத்திலோ பள்ளங்கள் புதிது போலவே இருந்தன. அந்த டயர்களை வாங்கி நான்கு மாதங்கள்தாம் ஆகியிருந்தன.

இத்திங்கள் இப்பகுதியில் டயரைப் பற்றி எழுதுகிறாரே சுவாமியார் என்று நீங்கள் வியக்கலாம். பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. பிள்ளைகளைப் பள்ளிக்கும் பெரியோரை மருத்துவமனைக்கும் அவற்றிலேயே அழைத்துச் செல்கிறீர்கள். ஒரு காரின் முழுப் பாரமும் தரையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் நம் குடும்பம் பயணம் செய்கிறது. ஆகவே அவற்றைப் பார்க்கத் தெரிந்திருப்பது நம் கடமையே. மேலும், இதில் நான் செய்த தவறு ஒன்றையும் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

குற்றம் சாட்டிய கதை

நம் அம்பாசடர் வயது முதிர்ந்த கார். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1958 முதல் செய்யப்பட்டுவந்த இவ்வகைக் காரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. எனினும் பழகிய மேஸ்திரி ஒருவர் கிடைத்தால் இது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பங்கில் ஓர் இளைஞர் இக்காரை ஓட்டிவந்தார். ஒரு நாள் அவர் என்னிடம், "சுவாமி, வண்டி நேராய்ப் போகும்போது ஸ்டியரிங் நேராய் நிற்பதில்லை. ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது" என்றார். பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பார்க்கவில்லை. பிறகு முன் டயர்கள் பழையனவாகிவிட்டன என்று இரண்டு புதிய டயர்கள் வாங்கினோம். கடைக்காரர் சக்கர அலைன்மெண்டையும் சரிபார்த்துவிடச் சொன்னார். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க எண்ணி, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

ஆறாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத நிலையில் அந்த டயர்கள் ஓரம் தேய்ந்துபோயின. பங்குப் பேரவையின் நிதிக் குழு காரணம் கேட்டது. நான் யோசிக்காமல், "வளைவுகளில் வேகமாகத் திருப்புகிறார், கல்லிலும் ஓரத்திலும் ஏற்றுகிறார்" என்றேன். ஓட்டுநரின் கவனக்குறைவு என்று கூட்டக் குறிப்பேட்டில் எழுதப்பட்டது. அந்த இளைஞர் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை. மாதக் கடைசியில் வேலையை விட்டு விலகிக்கொண்டார்.

அதன்பின் வேறு இரண்டு டயர்கள் வாங்கி, காரை நானே ஓட்டினேன். அவைதாம் அந்த மழை இரவில் என்னைக் கைவிட்டவை. அவர் ஓட்டியபோது தேய்ந்தவாறே, நான் ஓட்டியபோதும் தேய்ந்திருந்தன. இதைவிடத் தெளிவான சாட்சியம் வேறு என்ன வேண்டும்?

பாயின் பட்டறையில்

எங்கள் ஊரில் ஐம்பது ஆண்டுகளாக இத்தகைய கார்களையே பழுது பார்த்துவரும் முதிய மேஸ்திரி ஒருவர் உண்டு. எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைப்போம். காரைப் பார்த்ததும் அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. தரையில் குந்தி உட்கார்ந்து, டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, வெளியிலிருந்து உள்நோக்கித் தடவினார். பிறகு உள்ளிருந்து வெளிநோக்கித் தடவினார். என் கையையும் பிடித்து அவ்வாறே செய்யச் சொன்னார். முதல் முறை வழவழப்பாக இருந்தது. இரண்டாம் முறை ரம்பத்தின் பல்லைப் போல் கையைக் கீறியது.

"சாமி, டயர் பொய் சொல்லாது. கேட்கத்தான் ஆள் இல்லை" என்றார் பாய். அன்று அவர் கற்றுக்கொடுத்தவற்றையும், பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் சேர்த்து இங்கே வரிசையாகத் தருகிறேன்.

டயரின் மொழி

முதலாவது, இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால், காற்றுக் குறைவு. காற்றுக் குறைந்த டயரின் நடுப்பகுதி உள்வாங்கிக்கொள்ள, ஓரங்களே பாரத்தைச் சுமக்கின்றன. இதில் தேய்மானத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அத்தகைய டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அதனால் சூடேறி, நெடுஞ்சாலை வேகத்தில் வெடிக்கவும் கூடும்.

இரண்டாவது, நடுப்பகுதி மட்டும் தேய்ந்து ஓரங்கள் நன்றாக இருந்தால், காற்று மிகுதி. வீங்கிய டயர் நடுவில் மட்டுமே தரையைத் தொடுகிறது. தூரப் பயணத்திற்கு இருக்கட்டும் என்று கூடுதலாகக் காற்று அடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரே ஓரம் சீராகத் தேய்ந்திருந்தால், சக்கரம் செங்குத்தாக நிற்காமல் சாய்ந்து நிற்கிறது என்று பொருள். இதை மேஸ்திரிகள் கேம்பர் என்பார்கள். பழைய கார்களில் ஸ்பிரிங் தளர்ந்து இறங்குவதாலும், கிங் பின், புஷ் போன்றவை தேய்ந்து ஆட்டம் கொடுப்பதாலும், பள்ளத்தில் விழுந்து ஏதேனும் ஓர் உறுப்பு வளைவதாலும் இது நேரும். அம்பாசடரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை. முறுக்கத்தைத் தாங்கும் நீண்ட இரும்புத் தண்டுகள் உள்ளன. பல்லாண்டுப் பாரத்தில் அவை சற்றே தளர்ந்துவிடும். காரைச் சமதரையில் நிறுத்திச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் கண்ணுக்கே தெரியும்.

நான்காவது, தடவும்போது ஒரு திசையில் வழவழப்பும் மறு திசையில் ரம்பப் பல்லும் தட்டுப்பட்டால், சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடவில்லை. எங்கள் காருக்கு வந்த நோய் இதுவே. முன்சக்கரங்களின் முன்பகுதி அளவுக்கு மிஞ்சி உட்பக்கம் திரும்பியிருந்தால் வெளி ஓரம் தேயும். உள்ளிருந்து வெளிநோக்கித் தடவுகையில் கை கீறும். வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் எல்லாம் நேர்மாறாக இருக்கும். கால் இரண்டும் பெருவிரல்களை உள்நோக்கித் திருப்பிக்கொண்டு நேர்வழியில் நடக்க முயல்வதை எண்ணிப் பாருங்கள்; செருப்பு எந்தப் பக்கம் தேயும் என்பது விளங்கும்.

ஐந்தாவது, டயரின் சுற்றளவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிண்ணம் போன்ற குழிகள் விழுந்திருந்தால், சக்கரம் தரையில் அழுந்தி ஓடாமல் துள்ளித் துள்ளி ஓடுகிறது. ஷாக் அப்சார்பர் செத்திருக்கலாம், அல்லது சக்கரத்தின் பாலன்ஸ் தவறியிருக்கலாம். காரின் மூலையைக் கையால் அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழுந்து அடங்கினால் நலம். இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பரைப் பார்க்க வேண்டும்.

ஆறாவது, ஓரிடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால், சக்கரம் சுழலாமல் நின்றுவிடும் அளவுக்குப் பிரேக் பிடித்து, அது சாலையில் இழுபட்டிருக்கிறது. ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் தேய்மானம் மிகுந்திருந்து, சிறிது தூரம் ஓட்டியபின் அச்சக்கரத்தின் டிரம் மட்டும் சுட்டால், பிரேக் விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது.

சிறிய அளவு, பெரிய நாசம்

பாய் எங்கள் காரைச் சமதரையில் நேராக நிறுத்தினார். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, ஆணியை அசையாமல் பிடித்துச் சுழற்றி, டயரின் நடுவே சுற்றிலும் ஒரு கோடு கிழித்தார். மற்றதற்கும் அவ்வாறே. காரை இறக்கிச் சற்றே உருட்டிவிட்டு, இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை முன்பக்கம் ஒரு முறையும், பின்பக்கம் அதே உயரத்தில் ஒரு முறையும் டேப் பிடித்து அளந்தார். சிறிது வேறுபாடு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் எங்கள் காரில் அது இருக்க வேண்டியதைவிட 6 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது.

ஆறு மில்லிமீட்டர்தானே என்று எனக்குத் தோன்றியது. வீட்டிற்கு வந்து கணக்குப் போட்டேன். டயரின் விட்டம் ஏறத்தாழ 650 மில்லிமீட்டர். அவ்வளவு நீளத்தில் 6 மில்லிமீட்டர் கோணல் என்றால், அதை இரண்டு சக்கரங்களும் பகிர்ந்துகொள்ளும்போது, ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய நாலரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் நாலரைக் கிலோமீட்டர் தூரம் டயரை உரைகல்லில் தேய்த்ததற்குச் சமம். நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருப்பதால், இடப்புறம் சரியும் காரை நாம் சற்றே வலப்புறம் திருப்பிப் பிடித்தவாறு ஓட்டுகிறோம். அதனால் எங்கள் காரில் இடப்பக்க டயர் இன்னும் அதிகமாகத் தேய்ந்திருந்தது.

அடுத்துச் சக்கரத்தை மீண்டும் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் அடியில் உறுதியான தாங்கி வைத்துவிட்டு, பாய் ஆட்டிப் பார்த்தார். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் பேரிங்கிலோ கிங் பின்னிலோ தேய்மானம். அப்போது ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் குறை பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னில். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங்கின் டை ராட் முனைகள் தேய்ந்துள்ளன. எங்கள் காரில் டை ராட் முனை ஒன்று தேய்ந்திருந்தது. அதைவிட முக்கியமாக, இடப்பக்கத்து டை ராடே வளைந்திருந்தது.

பாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சாமி, இது தானாக வளையாது. வண்டி எங்கேயாவது பள்ளத்தில் இறங்கியதா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். அவ்விளைஞர் ஸ்டியரிங்கைப் பற்றிச் சொல்வதற்குச் சில வாரங்களுக்கு முன், பக்கத்துப் பங்கின் திருவிழாவுக்கு நானே காரை ஓட்டிச் சென்றேன். இரவில் திரும்பும்போது, பாலம் கட்டத் தோண்டியிருந்த குழியில் இடச்சக்கரம் இறங்கிப் பெருஞ்சத்தம் எழுந்தது. கார் ஓடியது, ஆகவே யாரிடமும் சொல்லவில்லை. மறந்தும் போனேன். என் தவறு டை ராடை வளைத்தது. டை ராடு டயரைத் தின்றது. நானோ ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையின் மேல் பழியைச் சுமத்தினேன்.

குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

நிற்க. பழைய கார் வைத்திருப்போர் மனத்தில் கொள்ள வேண்டியவை சில.

காற்றை மாதம் இரு முறையேனும் அளந்து பாருங்கள். கார் ஓடிச் சூடேறுமுன், காலை வேளையில் அளப்பதே முறை. ஓடிச் சூடான டயரில் காற்றழுத்தம் கூடுதலாகக் காட்டும். எவ்வளவு காற்று என்பது காருக்குரிய கையேட்டில் இருக்கும். பக்கத்து வீட்டுக் காரின் அளவு உங்கள் காருக்குப் பொருந்தாது.

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருப்பதைக் காணலாம். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். ஓடும் பரப்பு தேய்ந்து அம்மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது. அப்பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல; மழை நீரை ஒதுக்கித் தள்ளி ரப்பரைத் தரையோடு சேர்ப்பவை. பள்ளம் போனால், நான் வழுக்கியது போல வழுக்க நேரும்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் உண்டு. முதல் இரண்டு, செய்யப்பட்ட வாரம். அடுத்த இரண்டு, ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரம். குறைவாக ஓடும் பழைய கார்களில் டயர் தேயாமலே முதுமை அடைந்துவிடும். பக்கச் சுவரில் வெடிப்புகள் தெரிந்தால், பள்ளம் ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை சக்கரங்களை இடம் மாற்றிப் பூட்டுங்கள். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: இடம் மாற்றுவது தேய்மானத்தைப் பகிர்ந்தளிக்குமேயன்றி நோயைத் தீர்க்காது. தேய்ந்த உறுப்பை மாற்றாமல் அலைன்மெண்டு செய்வதும் அத்தகையதே. ஆட்டம் கொடுக்கும் டை ராடை வைத்துக்கொண்டு அளவு பார்த்தால் பட்டறை வாசலைத் தாண்டுமுன் அளவு மாறிவிடும். முதலில் ஆட்டத்தை நீக்குக. பிறகு அளவைச் சரிசெய்க. அதன்பின் புதிய டயர் வாங்குக. நான் செய்தது தலைகீழ் வரிசை.

டயர் வாங்கும் பணம் ஒரு குடும்பத்துக்குச் சிறிய தொகை அன்று. நம் பங்கு மக்களில் பலர் விடியுமுன் எழுந்து, தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் சேரும் அந்தப் பால்தான் எங்கோ ஒரு தொழிற்சாலையில் டயராகிறது. அதை ஆறாயிரம் கிலோமீட்டரில் வீணாக்குவது உழைப்பை அவமதிப்பதே.

திருத்தப்பட்ட குறிப்பேடு

கார் சரியானதும் நான் அந்த இளைஞரின் வீட்டுக்குச் சென்றேன். அவருடைய தாயார் நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பின்பு, "நான் அன்றைக்கே சொன்னேன் சுவாமி" என்று மட்டும் சொன்னார். உண்மைதான்; சொன்னார். நான்தான் கேட்கவில்லை. மீண்டும் வேலைக்கு வருமாறு அழைத்தேன். வேறிடத்தில் லாரி ஓட்டுவதாகவும், வர இயலாது என்றும் சொல்லிவிட்டார். ஆனால் ஒன்று கேட்டார்: "அந்தக் குறிப்பேட்டில் என் பெயர் இருக்கிறதே, அது அப்படியே இருக்குமா?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. வீட்டுக்குள் அமர்ந்து மன்னிப்புக் கேட்பது எளிது. பழி எங்கே சொல்லப்பட்டதோ அங்கேயே அது நீக்கப்பட வேண்டுமன்றோ? ஒருவருடைய நற்பெயரைக் கெடுத்தவன் அதை ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்று மறைக்கல்வி வகுப்பில் ஆண்டுதோறும் கற்பிக்கும் நான், அதை ஓர் இளைஞரின் வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து, பள்ளத்தில் இறக்கியவன் நானே என்று சொன்னேன். அது குறிப்பேட்டில் எழுதப்பட்டு, வாசித்துக் கையொப்பமிடப்பட்டது. இப்பொழுது இப்பகுதியிலும் எழுதுகிறேன்.

நம் இல்லங்களிலும் இவ்வாறு நடப்பதுண்டு. மதிப்பெண் குறைந்தால் பிள்ளை சோம்பேறி என்கிறோம். குழம்பில் உப்புக் கூடினால் மருமகளுக்குப் பொறுப்பில்லை என்கிறோம். வீட்டில் பணம் தங்காவிட்டால் மனைவியின் கை நீளம் என்கிறோம். தேய்மானம் கண்ணுக்குத் தெரிகிறது. தேய்ப்பது எது என்று குனிந்து பார்க்கப் பொறுமை இல்லை. அருகில் இருப்பவர் மேலும், எதிர்த்துப் பேச இயலாதவர் மேலும் பழியைப் போட்டுவிட்டு நகர்கிறோம். புனித இஞ்ஞாசியார் அன்றாட ஆன்ம சோதனையை வலியுறுத்தியது வீணுக்கன்று. பாய் டயரைத் தடவியது போல, இரவில் நம் நாளை இரு திசையிலும் தடவிப் பார்த்தால், எந்தத் திசையில் கீறுகிறது என்பது புலப்படும்.

இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், கார் வைத்திருப்போர் ஐந்து நிமிடம் ஒதுக்கி, நான்கு டயர்களையும் கையால் தடவிப் பாருங்கள். அக்காரை ஓட்டுகிறவர் உங்கள் மகனோ, கணவரோ, கூலிக்கு வருபவரோ யாராயினும், "வண்டியில் ஏதேனும் குறை தெரிகிறதா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை முடிவுவரை கேளுங்கள்.

பயணிகளின் பாதுகாவலராம் புனித கிறிஸ்தோபர் உங்கள் வழிகளில் துணை நிற்பாராக. இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை